வாக்குறுதிக்குப் பக்கத்தில் விலையையும் எழுதுங்கள்: தேர்தல் அறிக்கைக் குழுவினருக்கு நெல்லைச் சீமையிலிருந்து ஒரு திறந்த மடல்

எல்லாக் கட்சிகளின் தேர்தல் அறிக்கைக் குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

சேரன்மகாதேவி வட்டாரத்தில் ஒரு தொடக்க வேளாண்மைக் கூட்டுறவு கடன் சங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். எந்தக் கட்சியிலும் உறுப்பினன் இல்லை. உங்களில் பல கட்சிகளுக்கு வெவ்வேறு காலங்களில் ஓட்டுப் போட்டிருக்கிறேன். அடுத்த அறிக்கையை எழுத நீங்கள் உட்காரும்போது இரண்டு காரியம் செய்ய வேண்டும் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன். கடன் தள்ளுபடியை அதில் சேர்க்காதீர்கள். வேறு எதைத் தருவதாகச் சொன்னாலும், வருடத்துக்கு அதற்கு எவ்வளவு ஆகும், அந்தப் பணம் எங்கிருந்து வரும் என்று அதே பக்கத்தில் எழுதுங்கள்.

தள்ளுபடி கூடாது என்று நான் சொன்னால், ஏழைகள் மேல் இரக்கம் இல்லாதவன் பேசுகிறான் என்று தோன்றலாம். சங்கத்தில் கவுண்டருக்கு உள்ளே உட்கார்ந்து என்ன பார்த்தேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

2021 பிப்ரவரி 5-ஆம் தேதி, கூட்டுறவுப் பயிர்க்கடன் 12,110 கோடி ரூபாய் தள்ளுபடி என்று அறிவிப்பு வந்தது. 16 லட்சத்து 43 ஆயிரம் விவசாயிகளுக்குப் பலன் என்றார்கள். அதே மாதம் 26-ஆம் தேதி, தேர்தல் தேதி அறிவிக்கப்பட்ட அன்றைக்கே, ஆறு பவுன் வரை நகைக்கடன் தள்ளுபடி என்றது அன்றைய அரசு. எதிர்த்தரப்பு ஐந்து பவுன் என்றது. ஆட்சி மாறியது. ஐந்து பவுன் தள்ளுபடிக்கான அரசாணை அந்த வருடக் கடைசியில் வந்தது. 2021 மார்ச் 31 அன்று கடன் நிலுவையில் இருந்திருக்க வேண்டும். குடும்பத்துக்கு மொத்தம் 40 கிராமுக்குள் இருக்க வேண்டும். பயிர்க்கடன் தள்ளுபடி வாங்கியிருக்கக் கூடாது. இப்படிப் பல நிபந்தனைகள்.

எங்கள் ஊரில் பீடி சுற்றிப் பிழைக்கும் பெண் ஒருத்தி மகளின் படிப்புக்காக மூன்று பவுன் சங்கிலியை எங்களிடம் அடகு வைத்திருந்தாள். வட்டி ஏறிக்கொண்டே போகிறதே என்று பயந்து, வீட்டில் நின்ற பசுவைக் கன்றோடு விற்று, அந்த பிப்ரவரி மாதத் தொடக்கத்திலேயே நகையைத் திருப்பிக்கொண்டு போய்விட்டாள். அரசாணை வந்த பிறகு, பணம் கட்டிய ரசீதை மடித்துப் பிடித்துக்கொண்டு சங்கத்துக்கு வந்தாள். கவுண்டர் கம்பி வழியாக அதை நீட்டினாள். கையெல்லாம் புகையிலைத் தூள் வாசம்.

“அண்ணாச்சி, நான் அடைச்சதுல்லா தப்பாப் போச்சு. எதுத்த வீட்டுக்காரி ஒரு வட்டி கெட்டல. அவளுக்குச் சங்கிலியும் வந்துட்டு, மாடும் நிக்கி. எனக்கு மாடு போச்சே.”

அவளுக்கு என்ன பதில் சொல்வது? மார்ச் 31 அன்று உங்கள் கணக்கில் பாக்கி இல்லையம்மா, அதனால் உங்களுக்கு ஒன்றும் கிடையாது என்றுதான் சொல்ல முடியும். சட்டப்படி அது சரியான பதில். அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்துச் சொல்லக்கூடிய பதில் இல்லை. அவளுக்குப் பின்னால் நின்றவருக்கு நாற்பத்தொரு கிராம். ஒரு கிராம் கூடிப்போனதால் அவருக்கும் இல்லை. அந்தச் சமயத்தில் தமிழ்நாடு முழுவதும் 48 லட்சத்துக்கும் மேற்பட்ட நகைக்கடன்களை ஆய்வு செய்து, 35 லட்சத்துக்கும் மேற்பட்டவை தகுதி இல்லாதவை என்று ஒதுக்கினார்கள். ஒரே ஆள் பல சங்கங்களில் ஐந்தைந்து பவுனாக வைத்து வாங்கியதும், போலி நகைகளும் அப்போதுதான் வெளியே வந்தன. தள்ளுபடி வரப்போகிறது என்று மோப்பம் பிடித்தவன் நகையை அள்ளிக்கொண்டு வந்து வைத்தான். நாணயமாக இருந்தவள் பசுவை விற்றாள்.

இது ஒரு கட்சி செய்தது இல்லை. 2006-இல் கூட்டுறவு விவசாயக் கடன் 6,866 கோடி தள்ளுபடி. 2008-இல் மத்திய அரசு நாடு முழுவதும் தள்ளுபடி செய்தது. 2016-இல் சிறு, குறு விவசாயிகளின் கடன் 5,780 கோடி தள்ளுபடி. அப்புறம் 2021. ஐந்து வருடமோ பத்து வருடமோ கழித்து ஒரு தடவை வரும் என்று ஊருக்கே தெரிந்துபோனது. தேர்தலுக்கு ஒரு வருடம் இருக்கும்போதே சங்கத்தில் வசூல் படுத்துவிடும். “எலக்சன் வருதுல்லா, பொறுத்துப் பாப்பம்” என்று முகத்துக்கு நேராகவே சொல்வார்கள். கட்ட வசதி இல்லாதவர்கள் சொன்னால் புரிந்துகொள்ளலாம். பேரூராட்சிப் பகுதியில் இரண்டு மாடி வீடும், வாசலில் காரும் நிற்கிறவர் வந்து சொல்வார்.

சங்கத்தின் பணம் வானத்திலிருந்து வருவது இல்லை. ஊரில் ஓய்வு பெற்ற வாத்தியார் போட்ட டெபாசிட் அதில் இருக்கிறது. துபாயிலும் மும்பையிலும் வேலை பார்த்து வந்தவர் போட்டது இருக்கிறது. மிச்சம் மத்தியக் கூட்டுறவு வங்கி தந்தது. அரசு தள்ளுபடி அறிவித்தால் அந்தத் தொகையைச் சங்கத்துக்குத் தவணை தவணையாகத்தான் தரும். அது வந்து சேரும் வரை புதுக் கடன் கொடுக்கக் கை இறுகும். அந்த நேரத்தில் நடவுக்குப் பணம் கேட்டு வருகிற விவசாயி எங்கே போவான்? மெயின் ரோட்டில் இருக்கும் தனியார் நகைக்கடன் கடைக்குத்தான். அங்கே வட்டி அதிகம். ஆக, பழைய கடன்காரனுக்குத் தள்ளுபடி கொடுத்து, புதுக் கடன்காரனைக் கூடுதல் வட்டிக்குத் தள்ளிவிடுகிறோம். எனக்கு இதில் தாங்க முடியாத வருத்தம் உண்டு.

ஒரு நல்ல காரியமும் நம்மிடம் இருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். கூட்டுறவுப் பயிர்க்கடனைத் தவணைக்குள் கட்டினால் வட்டியே கிடையாது. அந்த வட்டியை அரசு ஏற்றுக்கொள்கிறது. இதைத்தான் நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். ஒழுங்காகக் கட்டுகிறவனுக்கு அரசாங்கம் தோள் கொடுக்கிறது. தவணை தேதிக்கு முந்தின நாள் சங்கத்தில் நிற்கும் கூட்டத்தைப் பார்த்தால் இதன் அருமை தெரியும். கடன் வாங்கியாவது, நெல்லை விற்றாவது அந்தத் தேதிக்குள் கட்டிவிட வேண்டும் என்ற பதற்றம். இதே முறையைச் சிறிய நகைக்கடனுக்கும் கொண்டுவாருங்கள். ஒரு வருடத்துக்குள் திருப்பினால் வட்டியில் பாதியை அரசு தரும் என்று சொல்லுங்கள். தள்ளுபடிக்கு ஆகும் செலவில் ஒரு பங்குதான் ஆகும். பசுவை விற்று அடைத்தவளுக்கும் அதில் பங்கு கிடைக்கும்.

இப்போது அரசாங்கத்தின் சொந்தக் கடனுக்கு வருகிறேன்.

2011 வாக்கில் தமிழ்நாட்டு அரசின் கடன் சுமார் ஒரு லட்சம் கோடி ரூபாய். 2021-இல் ஏறத்தாழ ஐந்து லட்சம் கோடியைத் தொட்டது. 2025-26 நிதிநிலை அறிக்கைப்படி, 2026 மார்ச் 31 அன்று இருக்கும் என்று கணக்கிட்ட கடன் 9,29,959 கோடி. முதல் பத்து வருடம் ஒரு கட்சி, அடுத்த ஐந்து வருடம் மற்றொரு கட்சி. இரண்டு பேரும் சேர்ந்துதான் இந்தத் தொகையை ஏற்றினீர்கள். தமிழ்நாட்டில் ரேஷன் அட்டை இரண்டே கால் கோடி என்று வைத்துக்கொண்டால், ஒரு அட்டைக்கு நாலு லட்சத்துக்கு மேல் வருகிறது. 2021 ஆகஸ்டில் நிதியமைச்சர் வெளியிட்ட வெள்ளை அறிக்கை, ஒரு குடும்பத்தின் தலையில் 2,63,976 ரூபாய் பொதுக்கடன் இருக்கிறது என்று சொன்னபோது ஊரே அதிர்ந்தது. டீக்கடையில் அந்த எண்ணை மனப்பாடமாகச் சொன்னார்கள். அப்புறம் அது மறந்துபோயிற்று.

கடன் தொகையைவிட என்னை உறுத்துவது வேறு. அதே 2025-26 நிதிநிலை அறிக்கையில் வருவாய் வரவு சுமார் 3 லட்சத்து 31 ஆயிரம் கோடி. வட்டிக்கு மட்டும் சுமார் 70 ஆயிரம் கோடி. வருகிற ஒவ்வொரு ரூபாயிலும் 21 காசு வட்டிக்குப் போகிறது. அணை, பாலம், சாலை, கட்டடம் என்று நிலைத்து நிற்கும் மூலதனச் செலவுக்கு ஒதுக்கியது சுமார் 57 ஆயிரம் கோடி. வட்டிக்குக் கொடுப்பது, கட்டுவதற்குக் கொடுப்பதைவிட அதிகம். வருவாய்ப் பற்றாக்குறை 41,635 கோடி. அதாவது சம்பளம், ஓய்வூதியம், மானியம், வட்டி ஆகிய அன்றாடச் செலவுக்கே வரவு போதாமல் 41 ஆயிரம் கோடி கடன். மளிகைக் கடை பாக்கியைக் கட்டுவதற்காக மாதா மாதம் ஒரு வளையலை அடகு வைக்கும் வீட்டை நான் எத்தனையோ பார்த்திருக்கிறேன். வயலுக்கு மோட்டார் வாங்க வளையலை வைத்த வீடு மீண்டுவிடும். மளிகைக்கு வைத்த வீடு மீள்வது அபூர்வம்.

“அரசாங்கம் ஒரு குடும்பம் இல்லை, அதற்கு ஓய்வு பெறும் வயது கிடையாது, பொருளாதாரம் வளர வளரக் கடன் சுருங்கும்” என்று படித்தவர்கள் சொல்வார்கள். அதில் உண்மை இருக்கிறது. 2025-26 நிதிநிலை அறிக்கைப்படி நம் கடன் மாநில உற்பத்தி மதிப்பில் 26 சதவீதத்தை ஒட்டி இருக்கிறது. மத்திய வரியை மாநிலங்களுக்குப் பங்கிடப் பரிந்துரைக்கும் 15-ஆவது நிதிக்குழு அந்த வருடத்துக்கு வைத்த 28.7 சதவீத வரம்புக்குள்தான் இது. தமிழ்நாடு நன்றாக வளர்கிறது என்பதிலும் எனக்குச் சந்தேகம் இல்லை, பெருமைதான். ஆனால் நன்றாக வளரும் வருடத்திலேயே அன்றாடச் செலவுக்குக் கடன் வாங்கினால், வறட்சி வருடத்தில் என்ன செய்வோம்? மத்திய அரசைப் போல ரூபாய் நோட்டு விஷயத்தில் மாநிலத்துக்கு எந்த அதிகாரமும் கிடையாது. அரசமைப்புச் சட்டத்தின் 293-ஆவது பிரிவுப்படி, மத்திய அரசுக்குக் கடன் பாக்கி உள்ள மாநிலம் அதன் சம்மதம் இல்லாமல் புதுக் கடன் வாங்க முடியாது. கடன் ஏற ஏற டெல்லியின் பிடியும் இறுகும். மாநில உரிமை பேசும் கட்சிகள் முதலில் கவலைப்பட வேண்டிய விஷயம் இது என்று நினைக்கிறேன். மத்திய வரிப் பங்கில் நமக்கு 15-ஆவது நிதிக்குழு தந்தது 4.079 சதவீதம். போதாது என்ற வருத்தம் எனக்கும் உண்டு. அதற்காகப் போராடுங்கள், கூடவே வருகிறோம். வந்து சேராத பணத்தை நம்பிச் செலவை ஏற்றாதீர்கள், அவ்வளவுதான்.

முடியாத காரியத்தைக் கேட்கவில்லை. 2003-இலேயே தமிழ்நாடு நிதிப் பொறுப்புடைமைச் சட்டம் கொண்டுவந்தோம், பல மாநிலங்களுக்கு முன்னால். அதன்பின் சில வருடங்கள் வருவாய் உபரியும் காட்டினோம். கடைசியாக 2012-13-இல் உபரி இருந்தது. 2013-14-இல் தொடங்கிய பற்றாக்குறை இன்றுவரை மூடவில்லை. உபரி காட்டிய அந்த வருடங்களில் ரேஷன் அரிசி நிற்கவில்லை, சத்துணவு நிற்கவில்லை. அதனால்தான் மறுபடியும் முடியும் என்கிறேன்.

நெல்லைக்காரனுக்குச் செலவின் அருமை தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. திருநெல்வேலிக்கும் பாளையங்கோட்டைக்கும் நடுவே தாமிரபரணியைக் கடக்கும் சுலோச்சன முதலியார் பாலத்தைப் பாருங்கள். கலெக்டர் அலுவலகத்தில் சிரஸ்தாராக இருந்த ஒருவர், மக்கள் ஆற்றைக் கடக்கப் படும் பாட்டைப் பார்த்து, தன் சொந்தப் பணத்தில் கட்டிக்கொடுத்தார். 1843-இல் திறந்தார்கள். பின்னால் அகலப்படுத்தினார்கள் என்றாலும், இன்றைக்கும் பேருந்து அதன்மேல் போகிறது. எல்லாப் பாலத்தையும் தனியார் கட்ட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. கட்டினால் இத்தனை தலைமுறைக்கு நிற்கும் ஒன்றைக் கட்ட அரசாங்கம் கடன் வாங்கட்டும். வட்டியை நானும் கட்டுகிறேன், என் பேரனும் கட்டட்டும். அவனும் அதன்மேல்தானே நடக்கப் போகிறான்.

அதற்கு எதிர்ப்பக்கமும் நம் மாவட்டத்திலேயே இருக்கிறது. தாமிரபரணி, கருமேனியாறு, நம்பியாறு இணைப்புத் திட்டம். மழைக்காலத்தில் கடலுக்குப் போகும் வெள்ளத்தைக் கன்னடியன் கால்வாய் வழியாகத் திருப்பி, நாங்குநேரி, ராதாபுரம், திசையன்விளை, சாத்தான்குளம் பக்கத்து வானம் பார்த்த பூமிக்குக் கொண்டுபோகும் திட்டம். 2009-இல் 369 கோடி ரூபாய் மதிப்பீட்டில் வேலை தொடங்கியது. முடிந்து திறப்பு விழா நடந்தது 2025 பிப்ரவரியில். செலவு ஆயிரம் கோடியைத் தாண்டிவிட்டது. நிலம் எடுப்பது, ரயில் பாதையையும் நான்குவழிச் சாலையையும் கடப்பது என்று காரணங்கள் பல இருந்தன, தெரியும். ஆனால் தேர்தலுக்குத் தேர்தல் ஆயிரக்கணக்கான கோடியை ஒரே கையெழுத்தில் தள்ளுபடி செய்ய முடிந்த அரசுகளுக்கு, 369 கோடி வேலையை முடிக்கப் பதினைந்து வருடத்துக்கு மேல் ஆகியிருக்கிறது. ராதாபுரம் வட்டத்தில் அந்தப் பதினைந்து வருடத்தில் கிணறு வற்றி, தோட்டத்தை விற்றுவிட்டு, திருப்பூருக்கும் சென்னைக்கும் பிழைக்கப் போன குடும்பங்கள் உண்டு. தண்ணீர் முன்னாலேயே வந்திருந்தால் அவர்களில் பலருக்குத் தள்ளுபடியே தேவைப்பட்டிருக்காது.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் கரைபுரண்ட வெள்ளத்தைப் பார்த்த பிறகும், குளம் தூர்வாரவும் மடையைச் சரி செய்யவும் பணம் இல்லை என்று நீர்வளத் துறைக்காரர்கள் கையை விரிப்பதைக் கேட்கும்போது வயிறு எரிகிறது.

நான் எல்லா உதவித் திட்டத்துக்கும் எதிரி இல்லை. பள்ளிக்கூடத்துச் சாப்பாடு நம் பெருமை. காமராஜர் காலத்து மதிய உணவு, அன்றைக்குத் திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்த எட்டயபுரத்தில்தான் தொடங்கியது. அரசு மட்டும் செலவு செய்யவில்லை. ஊரே அரிசியும் காய்கறியும் பாத்திரமும் கொடுத்தது. இன்றைய காலை உணவும், முதியோர் உதவித்தொகையும், ரேஷனும் இருக்கட்டும். மாதம் ஆயிரம் ரூபாய் உரிமைத் தொகையால் பல வீட்டில் அடுப்பு எரிகிறது, அதையும் கண்ணால் பார்க்கிறேன். 2025-26-இல் அதற்கு மட்டும் 13,807 கோடி ஒதுக்கினார்கள். நான் கேட்பது, இதையெல்லாம் வரிப் பணத்தில் கொடுங்கள் என்பதுதான். வரி போதவில்லை என்றால் வரியை உயர்த்துகிறோம் என்று அறிக்கையில் தைரியமாக எழுதுங்கள். அல்லது வசதி உள்ளவர்களைப் பட்டியலில் இருந்து எடுங்கள். இரண்டும் கசப்பான வேலை. ஆனால் கடன் வாங்கிக் கொடுத்துவிட்டு, அதை இனாம் என்று சொல்வது கடைத் தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைக்கிற காரியம்.

இனி எங்கள் பக்கம். அரசாங்கத்தை மட்டும் குறை சொல்லிவிட்டு நாங்கள் யோக்கியர்கள் என்று நிற்க முடியாது.

மேலப்பாளையம், முக்கூடல், ஆலங்குளம் பக்கமெல்லாம் பீடி சுற்றும் பெண்கள் அதிகம். அவர்கள் தெருவில் காலை பத்து மணிக்குப் போய்ப் பாருங்கள். ஒரு வீட்டுத் திண்ணையில் வட்டமாக உட்கார்ந்திருப்பார்கள். நடுவில் பைக்கில் வந்த பையன் ஒருவன் நோட்டும் கையுமாக இருப்பான். அது குழு லோன் வசூல். ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் சேர்ந்து கட்ட வேண்டும், அதுவரை யாரும் எழுந்து போக முடியாது. திங்கட்கிழமை ஒரு குழு, புதன்கிழமை இன்னொன்று, வெள்ளிக்கிழமை மூன்றாவது. திங்கட்கிழமைத் தவணைக்கு வெள்ளிக்கிழமைக் குழுவில் வாங்கிய பணம் போகும். இதில் புருஷன் டாஸ்மாக்கில் கொடுத்துவிட்டு வருவதும் சேரும். 2024-25-இல் மது விற்பனையில் அரசுக்கு வந்த வருமானம் 48 ஆயிரம் கோடிக்கு மேல். அந்தப் பணத்தில் ஒரு பகுதி இந்தத் திண்ணையிலிருந்து போனதுதான். இந்த வருமானத்தை நம்பி நலத்திட்டம் எழுதாதீர்கள் என்றும் உங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

கல்யாணம், காதுகுத்து, சடங்கு என்று செய்முறைக்காக வாங்கும் கடனைப் பற்றி நாங்கள்தான் பேச வேண்டும். மதினிக்கு ஒரு பவுன் போட்டார்கள், நாம் இரண்டு போடாவிட்டால் மரியாதை இல்லை என்று நகைக்கடைச் சீட்டில் சேர்ந்து, அந்த நகையையே ஆறு மாதத்தில் அடகு வைக்கும் குடும்பங்கள் என் சொந்தத்திலேயே உண்டு. இதற்கு எந்த அரசும் பொறுப்பு இல்லை.

2025-இல் ரிசர்வ் வங்கி நகைக்கடனுக்குப் புது விதிகளை வரைவாக வெளியிட்டபோது, தமிழ்நாட்டில் உங்களில் பல கட்சிகள் எதிர்த்தீர்கள். பாட்டி காலத்து நகைக்கு ரசீது கேட்பது அநியாயம் என்று நானும் சொன்னேன். ஆனால் நகை மதிப்பில் இத்தனை சதவீதத்துக்கு மேல் கடன் தரக் கூடாது என்ற வரம்பையும் சேர்த்து எதிர்த்தது சரியில்லை. கடைசியில் இரண்டரை லட்சம் வரையிலான கடனுக்கு 85 சதவீதம் வரை தரலாம் என்று தளர்த்தினார்கள். 2021-இல் பவுன் 35 ஆயிரம் ரூபாயை ஒட்டி இருந்தது. 2025 ஏப்ரலில் 70 ஆயிரத்தைத் தாண்டியது. விலை ஏறிய தைரியத்தில் அதே சங்கிலியின் மேல் இரட்டிப்புக் கடன் வாங்கியவர்கள் எத்தனை பேர்! வருடக் கடைசியில் அசலும் வட்டியும் கட்டி மறுபடி வைக்க வேண்டும் என்றபோது, வங்கி வாசலிலேயே ஒரு நாள் வட்டிக்குப் பணம் கொடுக்க ஆட்கள் நின்றார்கள். காலையில் அவரிடம் வாங்கி நகையைத் திருப்பி, மதியம் மறுபடி அடகு வைத்து, சாயங்காலம் அவருக்குக் கொடுக்க வேண்டும். அந்த ஒரு நாளுக்கு அவர் கேட்ட வட்டியை இங்கே எழுதவே கூசுகிறது.

சுலோச்சன முதலியார் பாலத்தைத் தாண்டினால் கொக்கிரகுளத்தில் கலெக்டர் ஆபீஸ். 2017 அக்டோபர் 23, திங்கட்கிழமை, மக்கள் குறைதீர்க்கும் நாள். கந்துவட்டிக் கொடுமையால் அங்கே ஒரு கூலித் தொழிலாளியின் குடும்பம், இரண்டு பச்சைக் குழந்தைகளோடு, உயிரை விட்டது. அதற்குப் பிறகு திங்கட்கிழமைகளில் மனுக் கொடுக்க வருகிறவர்களின் பையைப் போலீசார் திறந்து பார்க்கிறார்கள். கந்துவட்டித் தடைச் சட்டம் 2003-லிருந்து இருக்கிறது. கடன் வசூலில் மிரட்டினால் தண்டனை என்று 2025-இல் இன்னொரு சட்டமும் நிறைவேற்றினீர்கள். நல்லது. இரண்டையும் கண்டிப்பாக அமல்படுத்துங்கள், வட்டிக்காரர் எந்தக் கட்சிக்காரராக இருந்தாலும் கைது செய்யுங்கள். ஆனால் கடனுக்குப் போகும் அவசியத்தைச் சட்டத்தால் குறைக்க முடியாது. ஆஸ்பத்திரிச் செலவு வந்தால் எடுத்துக் கொடுக்க வீட்டில் பத்தாயிரம் ரூபாய் சேமிப்பு இருந்தால், அந்தக் குடும்பம் வட்டிக்காரர் வாசலில் போய் நிற்காது.

சேமிப்பு நம் மண்ணுக்குப் புதிது இல்லை. வியாபாரத்தில் வரும் காசில் ஒரு பங்கை மகமையாக எடுத்து வைத்து, அதிலிருந்து பள்ளிக்கூடமும் கல்லூரியும் கட்டினார்கள் இந்தச் சீமை வியாபாரிகள். 1921-இல் தூத்துக்குடியில் நாடார் வங்கி தொடங்கியதும், அது இன்று தமிழ்நாடு மெர்க்கண்டைல் வங்கியாக வளர்ந்து நிற்பதும் அந்தப் பழக்கத்தின் பலன்தான். வீடுகளில் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனிப் பானையில் போட்டு வைக்கும் வழக்கமும் இருந்தது. இன்றைக்குக் குழு என்றாலே லோன் என்றாகிவிட்டது. மகளிர் குழுக்கள் ஆரம்பித்த காலத்தில் முதல் வேலை வாரச் சேமிப்பு, அப்புறம்தான் கடன். தலைகீழாகிப் போன அதை மறுபடி நிமிர்த்துங்கள். ஒரு வருடம் தவறாமல் சேமித்த குழுவுக்கு, சேமித்த தொகைக்கு ஈடாக அரசு ஒரு பங்கு போடட்டும். எந்தக் கட்சி அறிக்கையில் இதைப் பார்த்தாலும் வீடு வீடாகப் போய் நானே எடுத்துச் சொல்வேன்.

விலையைப் பக்கத்தில் எழுதுங்கள் என்று கேட்பது புதிதும் இல்லை. 2006-இல் கலர் டிவி, 2011-இல் மிக்சி, கிரைண்டர், மின்விசிறி என்று நம் மாநிலத்து வாக்குறுதிகளை எதிர்த்துத்தான் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2013 ஜூலையில் தீர்ப்பு வந்தது. வாக்குறுதி கொடுப்பது சட்டப்படி ஊழல் குற்றம் ஆகாது, ஆனால் தேர்தல் ஆணையம் இதற்கு நெறிமுறை வகுக்க வேண்டும் என்றது நீதிமன்றம். அதன்படி தேர்தல் நடத்தை விதிகளில், வாக்குறுதிக்கான நியாயத்தையும் அதற்குப் பணம் திரட்டும் வழியையும் கட்சிகள் பொதுவாகக் குறிப்பிட வேண்டும் என்று சேர்த்தார்கள். எல்லாக் கட்சிகளும் ஒப்புக்கொண்டு நடக்க வேண்டிய விதி இது. ஆனால் எந்த அறிக்கையிலும் ஒரு வாக்குறுதிக்கு எதிரே தொகையும் வரியின் பெயரும் எழுதி நான் பார்த்ததில்லை.

ஆகவே அடுத்த அறிக்கையில் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். இடது பக்கம் வாக்குறுதி, அதற்கு நேரே வருடச் செலவு, அதற்கு நேரே பணம் வரும் வழி. கடைசி வரியில், வருவாய்ப் பற்றாக்குறை எந்த வருடத்தில் தீரும் என்று ஒரு ஆண்டு எண். அது 2031 என்றாலும் பரவாயில்லை, எழுதுங்கள். நாங்கள் காத்திருக்கத் தயார். எந்தக் கட்சி அந்தப் பக்கத்தை எழுதுகிறதோ அதைப் பெரிய எழுத்தில் நகல் எடுத்து, எங்கள் ஊர்ச் சங்கத்து அறிவிப்புப் பலகையில் ஒட்ட நான் அனுமதி கேட்டு வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கூட்டுறவுச் சங்க ஊழியர் ஒருவர்,
சேரன்மகாதேவி வட்டாரம், திருநெல்வேலி மாவட்டம்.